லாரிக்குள் ஒரு கிருகம்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், எளாவூர்ச் சோதனைச் சாவடியை ஒட்டி ஓய்ந்து நிற்கும் லாரிகளுள் ஒன்றை எட்டிப் பார்ப்பவர்கள், இடம் என்னும் அரிய வஸ்துவை எவ்வளவு சாமர்த்தியமாகச் செலவிடலாம் என்பதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலுள்ள பலகை பகலில் கிளீனரின் ஆசனம், இரவில் சயனம். அதன் மெத்தையைத் தூக்கினாலோ, அடியில் அரிசிப் பையும் மாற்று வேஷ்டியும் தார்ப்பாய்க் கயிறும் ஒன்றையொன்று நெருக்காமல் படுத்திருக்கும்.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது, பக்கவாட்டில் தொங்கும் பெட்டியாகிய அடுக்களைதான். அதன் கதவு கீழ்நோக்கித் திறந்து சங்கிலியில் நின்றதும், அதுவே வெங்காயம் நறுக்கும் மேடையாகிவிடுகிறது. சட்டிக்குள் குக்கர், குக்கருக்குள் டம்ளர், டம்ளருக்குள் கடுகும் மஞ்சளும் கட்டிய பொட்டலங்கள், எஞ்சிய இடுக்குகளிலெல்லாம் பழந்துணி என்று விரலால் தடவித் தடவித் திணித்திருக்கும் அந்தப் பொறுமையின் பலன், மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது தெரியும். பாத்திரம் வாய் திறப்பதில்லை. சத்தம் கேட்டால் அடுக்கியவனுக்கு வேலை தெரியாது என்பது என் கட்சி. கிழக்கே பழவேற்காட்டு ஏரியில் பிடித்த இறாலை வாங்கினால், ஐஸுக்கு அங்கே இடமேது? ஆகையால் வாங்கிய வேளையிலேயே அது சட்டியில் சுருண்டு சிவந்துவிடுகிறது. அதன் ருசிக்கு இந்த இடநெருக்கடியும் ஒரு காரணமென்றே நினைக்கிறேன்.