விலை சொல்லும் கரம்
தொன்மைப் பொருளியலின் இறையியல் வேர்கள் குறித்து ஒரு திறனாய்வு

சென்ற கோடையில் கொடைக்கானலில் நடைபெற்ற போதகர் கூடுகை ஒன்றில் இளம் போதகர் ஒருவர் தேவ பராமரிப்பைக் குறித்துச் செய்தியளித்தார். எவரும் கட்டளையிடாமலே சந்தைக்குப் பண்டங்கள் வருகின்றன, விலைகள் தாமே அமைகின்றன. இந்தக் கண்காணாக் கரம் கடவுளின் கரமன்றோ என்பது அவரது வாதம். பலர் தலையசைத்தனர். சமையல் உதவிக்கு வந்திருந்த பூம்பாறைப் பூண்டு விவசாயி ஒருவர் பின்னர் என்னிடம் சொன்னார்: “ஐயா, எங்களுக்கு விலை சொல்லுகிற கை நன்றாகவே தெரியும். விதைப்பூண்டுக்கு முன்பணம் கொடுத்த கைதான் வடுகபட்டியில் விலையும் சொல்லுகிறது.”

இளம் போதகரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. அவர் அறியாமலே பேசிய கருத்து, பெரும்பாலும் திருச்சபையின் ஊழியர்களாலேயே வளர்க்கப்பட்டதாகும். ஆதாம் ஸ்மித் கிளாஸ்கோவில் ஒழுக்க மெய்யியல் பேராசிரியர். அப்பதவியில் இயற்கை இறையியலையும் கற்பித்தவர். மால்தஸ் ஆங்கிலிக்கன் குருவானவர். தாமஸ் சால்மர்ஸ் ஸ்காத்லாந்துத் திருச்சபையின் பெரும் பிரசங்கியார். ஆக்ஸ்போர்டில் பொருளியல் கற்பித்த வேட்லி பின்னர் டப்ளின் பேராயரானார். அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாகப் பயின்ற 1837ஆம் ஆண்டுப் பொருளியல் பாடநூலை எழுதிய பிரான்சிஸ் வேலண்டு ஒரு பாப்திஸ்து போதகர். மதுரை அமெரிக்க மிஷனார் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய காலம் அதுவே. கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து அவர்களை டோலியில் சுமந்து மலையேறியவர்களின் கூலியை எந்தப் பாடநூலைக் கொண்டு அளப்பது என்னும் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும்.

இவர்களுள் இறையியல் மாணவர் கூர்ந்து கற்கவேண்டியவர் மால்தஸ். மக்கள்தொகை பற்றிய அவரது கட்டுரை 1798இல் வெளிவந்தபோது அதன் இறுதி இரண்டு அதிகாரங்கள் முற்றிலும் இறையியலாகவே இருந்தன. உலகில் பற்றாக்குறையும் துன்பமும் ஏன் உள்ளன? சோம்பிக் கிடக்கும் மனித உள்ளத்தைத் தட்டியெழுப்பவே என்பது அவர் தந்த விடை. இவ்விடை நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் அது ஒரு விடை. அதனை மறைநூலைக் கொண்டு சோதிக்கலாம், மறுக்கலாம். ஆனால் 1803இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அவ்வதிகாரங்கள் காணாமற் போயின. இறையியல் நீங்கியது, அது தாங்கி நின்ற முடிவோ அறிவியலின் விதியாக நிலைத்தது. அறிவியலின் விதியோடு எவர் வாதாடுவது? ஏழையின் பசிக்கு அவன் பெற்ற பிள்ளைகளே காரணம் என்று இன்றும் நம் பிரசங்க பீடங்களிலிருந்து ஒலிக்கும் குரல், அடித்தளம் அகற்றப்பட்ட அந்த இறையியலின் எச்சமே.

மால்தஸ் 1805 முதல் 1834இல் இறக்கும்வரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியாளர்களைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். ரிக்கார்டோவின் நண்பர் ஜேம்ஸ் மில் லண்டனில் கம்பெனியின் தலைமையகத்தில் அலுவல் புரிந்தார். நிலவாரம் என்பது உழைப்புக்கும் முதலுக்கும் உரியது போக எஞ்சும் மிகை. ஆகவே அரசு அதனை எடுத்துக்கொண்டால் உழவனுக்கு நட்டமில்லை என்று அவர் கருதினார். ரயத்துவாரி முறை மன்றோ போன்றோரின் அனுபவத்திலிருந்து முன்னரே பிறந்தது உண்மை. ஆனால் அம்முறையில் வசூலிக்கப்பட்ட வரிக்கு மனச்சாட்சியின் அமைதியை வழங்கியது இக்கோட்பாடே.

அக்கோட்பாட்டின் கடுஞ்சோதனை 1876–78 பஞ்சம். மதராஸ் மாகாண அரசு தானே 30,000 டன் தானியம் வாங்கியபோது, இந்திய அரசு அதனைக் கண்டித்தது. தானிய வாணிபத்தில் அரசு தலையிடலாகாது என்பது வைஸ்ராய் லிட்டனின் உறுதியான கொள்கை. 1877இல் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசும் போதும் என வகுத்தார். அந்த அளவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். மதுரை மாவட்டமும் உட்பட்ட அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

இதற்கு ஸ்மித் பொறுப்பாவாரா? இங்கே நாம் நேர்மையாயிருத்தல் வேண்டும். தானிய வாணிபத்தை அடக்குவதே பஞ்சத்தை விளைவிக்கும் என்று அவர் எழுதியது உண்மை; வங்கத்தில் கம்பெனி ஊழியர் விதித்த கட்டுப்பாடுகளை அவர் சாடினார். ஆனால் அதே நூலின் முதற் பாகம் எட்டாம் அதிகாரத்தில், கூலிக்குரிய நிதி அருகிப்போகும் நாட்டில் உழைப்போர் பட்டினியால் மடிவர் என்றும், வங்கமே அதற்குச் சான்று என்றும் அவர் கூறுகிறார். சந்தையில் தானியம் இருந்தும் கையில் காசில்லாதவன் சாவான் என்பதை அவர் அறிந்திருந்தார். அமர்த்தியா சென் 1981இல் விரித்துரைத்ததும் இவ்வழியில் வந்ததே. ஆட்சியாளர் ஸ்மித்தில் பாதியை மட்டும் வாசித்தனர். வேதத்தைப் பாதி வாசிப்போர் நம்மிடையேயும் உண்டாகையால் இது நமக்குப் புதிதன்று.

ரிக்கார்டோவுக்கு இவ்வளவு சலுகை காட்ட இயலவில்லை. மண்ணுக்கு ஆதிமுதல் உள்ளதும் அழியாததுமான ஆற்றலைப் பயன்படுத்துவதற்கு ஈடாகத் தரப்படுவதே வாரம் என 1817இல் அவர் வரையறுத்தார். ஹெய்லிபரியில் மால்தஸின் இடத்துக்கு வந்த ரிச்சர்டு ஜோன்ஸ் என்ற குருவானவர் 1831இலேயே இதனை மறுத்து, இந்திய ரயத்தின் வாரம் போட்டியால் அன்று, வழக்கத்தாலும் அரசின் உரிமைக் கோரிக்கையாலும் அமைகிறது எனக் காட்டினார். நம் பாடத்திட்டங்களில் அவர் பெயரே இல்லை. எனினும் “அழியாத” என்ற சொல்லை அவரைவிடக் கடுமையாக மறுப்பது பழனிமலையே. மேல்மலையின் புல்வெளிகள் சீகை மரங்களாலும் யூக்கலிப்டசாலும் மூடப்பட்டுப்போனதைக் கொடைக்கானல் சென்றோர் அறிவர். 1983இல் நியூயார்க் மாநிலத்திலிருந்து பாம்பார் சோலையின் விளிம்புக்கு ஒரு வெப்பமானி ஆலை பெயர்ந்து வந்தது. துணியும் திராட்சரசமும் நாடுகளிடையே பரிமாறப்படும் ரிக்கார்டோவின் எடுத்துக்காட்டில் இரு தரப்பும் நன்மையடைகின்றன. இங்கோ வெப்பமானி ஏற்றுமதியாயிற்று, பாதரசம் தங்கிற்று. முஞ்சிக்கல் பழைய பொருட்கடையில் பாதரசம் தோய்ந்த கண்ணாடி கண்டெடுக்கப்பட்ட பின், 2001இல் இந்துஸ்தான் லீவர் அதனை மூடிற்று. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். அம்மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்வது என்ற வழக்கு அதன் பின்னும் நீண்டது.

நம்மவர் உடனே நாடும் மாற்று ஜே. சி. குமரப்பா. கிறிஸ்தவராகவும் பொருளியலாராகவும் அவர் 1945இல் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூல் நம் போதகர் ஒவ்வொருவரும் கற்கத்தக்கது. ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டு வாழ்வு, சேவை என அவர் பொருளாதாரத்தை வகைப்படுத்துகையில், ரிக்கார்டோ மறந்த மண் மீண்டும் உயிர்பெறுகிறது. ஆனால் ஒரு தடையை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. குமரப்பாவும் இயற்கையையே ஆசிரியராகக் கொள்கிறார். மால்தஸ் அதே இயற்கையில் போராட்டத்தைக் கண்டார். இவர் சுழற்சியையும் ஈகையையும் காண்கிறார். வேங்கையும் தேனீயும் இயற்கையில் உள்ளனவே. தேனீயைத் தெரிந்தெடுக்கும் அளவுகோல் இயற்கைக்குள்ளிருந்து வரவில்லை, அவர் வாசித்த மலைப்பிரசங்கத்திலிருந்து வந்தது. அதனை அவர் இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

மேலும், கிராமத் தன்னிறைவு என்ற அவரது தீர்வு நெல்லும் பருத்தியும் விளையும் சமவெளிக்குப் பொருந்தும் அளவு மேல்மலைக்குப் பொருந்துமா என்பது ஐயமே. பூம்பாறைக்காரர் அரிசிக்கு மலையிறங்கியாக வேண்டும்; பூண்டையே உண்டு எவரும் வாழ முடியாது. அவர் கேட்பது சந்தை இல்லாத ஊரை அன்று. விதைக்கு வேறொருவரிடம் கடன் கிடைத்தால் வடுகபட்டியில் தாமே விலை சொல்லலாம் என்கிறார்.