கயிறில்லாத காவல்: ஸ்னோமொபைலுக்கு வயர்லெஸ் எஞ்சின் நிறுத்தி

பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் எஞ்சினை அவசரத்தில் நிறுத்த வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. வலது கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டும் கில் சுவிட்ச் ஒன்று. ஓட்டுபவரின் ஜாக்கெட்டில் ஒரு முனையும் வண்டியின் சுவிட்சில் மறுமுனையும் மாட்டப்படும் டெதர் கயிறு மற்றொன்று. ஆள் விழுந்தால் கயிறு சுவிட்சின் மூடியைப் பிடுங்கிவிடும். எஞ்சின் உடனே அணையும். இந்தக் கயிற்றின் இடத்தைப் பிடிக்க வந்திருப்பதுதான் வயர்லெஸ் நிறுத்தி. ஓட்டுபவரிடம் ஒரு சிறு ரேடியோ வில்லை, வண்டியில் ஒரு ரிசீவர், அதோடு சேர்ந்த ரிலே என மூன்றே பாகங்கள். வில்லை இடைவிடாமல் ‘இருக்கிறேன்’ என்று துடிப்பு அனுப்பும். சில துடிப்புகள் தொடர்ந்து வராமல் போனால் ரிசீவர் எஞ்சினை அணைக்கும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் உள்ளது போன்ற மையவிலக்கு கிளட்ச்தான் ஸ்னோமொபைலிலும் இருக்கிறது. த்ராட்டிலை விட்டால் பெல்ட்டின் பிடி தளர்ந்து, சமதளத்தில் வண்டி தானே நின்றுவிடும். த்ராட்டில் திரும்பி வராதபோதுதான் ஆபத்து. நெம்புகோலின் இடுக்கில் பனி இறுகும். கார்புரேட்டருக்குள் ஐஸ் படியும். பழைய கேபிள் பிரிந்து சிக்கும். அப்போது ஆளில்லாத வண்டி முழு வேகத்தில் மரத்தையோ அடுத்த வண்டியையோ தேடிப் போகும். பல தயாரிப்பாளர்கள் த்ராட்டில் நெம்புகோலிலேயே ஒரு பாதுகாப்புச் சுவிட்சை வைப்பது இதனால்தான். வட அமெரிக்கப் பந்தயங்களில் டெதர் கட்டாயம் என்பதற்கும் இதே காரணம்.

அப்படியிருக்க, கயிறு ஏன் பிடிக்காமல் போகிறது? மலையில் ஆழ்ந்த பனியில் ஓட்டுபவர்கள் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. ஒரு பக்கப் பலகையிலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுவார்கள். சரிவைக் குறுக்கே கடக்கும்போது உடம்பு முழுவதும் ஒரே பக்கம் தொங்கும். வண்டி புதைந்தால் இறங்கி, பக்கத்தில் நின்றபடியே த்ராட்டிலைத் தட்டி வெளியே எடுப்பார்கள். நீளம் போதாத கயிறு இத்தனைக்கும் இடைஞ்சல். கைப்பிடியில் சிக்கும், தேவையற்ற நேரத்தில் பிடுங்கிக்கொள்ளும். அதனால் கயிற்றை வண்டியிலேயே சுற்றிவைத்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. மாட்டாத கயிறு யாரையும் காப்பாற்றாது. வயர்லெஸ் நிறுத்தியின் தரப்பில் இருக்கும் மிக வலுவான வாதம் இதுதான்.

இந்தத் தொழில்நுட்பம் தேறியது படகில். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான விசைப்படகுகளை வேகமாக ஓட்டுபவர்கள் எஞ்சின் நிறுத்தியைப் பூட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். வயர்லெஸ் வகைக்கும் அதில் இடமுண்டு. நார்வேயின் ஃபெல் மரைன் போன்ற நிறுவனங்களின் கருவிகள் படகுகளில் நன்றாகவே வேலை செய்கின்றன. அதற்குக் காரணம் தண்ணீர். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆள் நீரில் மூழ்கினால், படகு அருகிலேயே இருந்தாலும் சிக்னல் அறுந்துவிடும். அங்கே கருவி அளப்பது தூரத்தை மட்டுமல்ல, விழுந்ததையும்தான்.

பனியில் இந்த அனுகூலம் இல்லை. உலர்ந்த புதுப்பனியில் பெரும்பகுதி காற்று, மிச்சம் ஐஸ். இரண்டுமே ரேடியோ அலையை அதிகம் தடுப்பதில்லை. விழுந்தவரின் வில்லை பனிக்குள் இருந்தபடியே ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதைவிட மோசம், வண்டி புரண்டு ஆளின் மேலேயே கிடக்கும் நிலை. சுழலும் டிராக் பட்டை காலுக்கு அருகில் இருக்கிறது. வில்லையும் ரிசீவரும் கைக்கெட்டும் தூரத்தில். சிக்னல் அதிகபட்ச வலுவோடு இருப்பதால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கயிறாக இருந்தால் ஆள் அதன் நீளத்தைத் தாண்டிய கணத்திலேயே அணைந்திருக்கும். சாய்வு சென்சார் சேர்த்து இதைச் சரிசெய்யலாம் என்றால், மலை ஓட்டத்தில் வண்டியை வேண்டுமென்றே ஒருக்களிப்பதுதான் வழக்கம். சென்சார் அதையும் விபத்தாக எடுத்துக்கொள்ளும். ஆகவே வில்லையிலேயே அழுத்தி அணைக்கும் பொத்தான் இல்லாத கருவியை இந்த வண்டிக்கு வாங்கவே கூடாது. கையுறையோடு அழுத்தும் அளவுக்கு அந்தப் பொத்தான் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

தாமதமும் சிறிய விஷயமல்ல. மணிக்கு 72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். விழுந்தவரும் அதே திசையில் சறுக்கிக்கொண்டே போவதால் ஆளுக்கும் வண்டிக்கும் இடையிலான தூரம் மெதுவாகவே கூடும். சிக்னல் நலிந்து, ரிசீவர் சில துடிப்புகளுக்குக் காத்திருந்து, பிறகுதான் அணைக்கும். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் எதிர்வினை வேறுவிதமாக வரும்: உடம்பு குறுக்கே வந்து சிக்னல் ஒரு கணம் மறைந்தாலே, செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் அணைந்துவிடும். அங்கே வேகம் இழந்த வண்டி பின்னோக்கிச் சறுக்கும். நல்ல கருவியையும் மட்டமானதையும் பிரிப்பது இந்தச் சமநிலைதான். வாங்கியவுடன் எஞ்சினை ஐடில் வேகத்தில் ஓடவிட்டு, வில்லையோடு நாலு திசையிலும் நடந்து, முதுகைக் காட்டியும் முகத்தைக் காட்டியும் எங்கே அணைகிறது என்று பார்த்துவிடுவது அவசியம். திசைக்குத் திசை தூரம் மாறுவதை அப்போது தெளிவாகக் காணலாம்.

குளிர் இன்னொரு முரண்பாட்டைக் கொண்டுவருகிறது. கடுங்குளிரில் காசு வடிவ லித்தியம் பேட்டரியின் உள்தடை ஏறி, துடிப்பு அனுப்பும்போது வோல்டேஜ் சரியும். உடம்போடு ஒட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்தால் பேட்டரி சூடாக இருக்கும். ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அது சிக்னலை மறைக்கும். மார்புப் பையில் வேறொரு சிக்கலும் காத்திருக்கிறது. பனிச்சரிவு அபாயமுள்ள மலைகளில் அங்கேதான், புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடுகருவியை மாட்டியிருப்பார்கள். மின்னணுப் பொருட்களை அதிலிருந்து சாதாரணமாக 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்வது அந்தத் துறையின் பொது விதி. நிறுத்தி வில்லைக்கும் அது பொருந்தும். ஓட்டும்போது மேல்சட்டையின் கைப்பகுதிக்குள், மணிக்கட்டுக்கு அருகில் வைப்பது மூன்று தேவைகளுக்கும் ஓரளவு ஒத்துவரும்; தேடுகருவியைக் கையில் பிடித்துத் தேடும்போது மட்டும் வில்லையைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும்.

பொருத்துவதில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: ரிசீவருக்கு மின்சாரம் போனால் என்ன ஆகும்? சில வண்டிகளில் நிறுத்தும் கம்பியை எர்த்தோடு இணைத்தால் எஞ்சின் அணையும். வேறு சிலவற்றில் சர்க்யூட்டைத் திறந்தால்தான் அணையும். ரிலே தவறான வகையில் அமைந்தால், பழுதான ரிசீவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சினை ஓடவிடும். ஓட்டுபவரோ காவல் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். ஸ்கி-டூ பிராண்டின் டெஸ் அமைப்பைப் போல, டெதர் மூடியே குறியீட்டுச் சாவியாகவும் இருக்கும் வண்டிகளில் வெளிக்கருவியைக் கம்பி வெட்டிச் சேர்ப்பதை விட்டுவிடுவதே நல்லது. அந்த மூடியை அப்படியே வைத்துக்கொண்டு, வயர்லெஸை இரண்டாவது காவலாக மட்டும் தனி சர்க்யூட்டில் சேர்க்கலாம். சாலை போன்ற நேர்ப்பாதையில் கயிறு, ஆழ்பனியில் வயர்லெஸ் என்று மாற்றிக்கொள்ளவும் அது வழிவிடும்.

வில்லை தொலைந்தாலும் எஞ்சின் மீண்டும் கிளம்ப வேண்டும். விழுந்தவர் பனிக்குள் புதைந்திருக்கையில் அவருடைய வண்டியை நண்பர் நகர்த்த வேண்டிவரலாம். வில்லையின் பேட்டரி தீர்ந்து, ரோட்டிலிருந்து வெகு தொலைவில் தனியாக நிற்கவும் நேரலாம். ரிசீவரைக் கடந்து எஞ்சினைக் கிளப்பும் வழி கருவியிலேயே இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கூட வரும் ஒவ்வொருவருக்கும் புறப்படும் முன் காட்டிவிட வேண்டும்.