கச்சேரி: ஒரு சொல்லின் சமூகப் பின்புலம்

'கச்சேரி' ஈழத்தமிழரிடையே இருபொருட் சொல்லாகும். இசை நிகழ்ச்சியைக் குறிக்கும் அதே சொல், அரச அதிபரின் பணிமனையையும் சுட்டும். அது மாவட்டச் செயலகமான பின்னரும் யாழ்ப்பாணத்தார் வழக்கில் கச்சேரியே. மூலப்பொருளுக்கு அண்மையது இவ்விரண்டாவதுதான். நீதிமன்றத்தையும் அரசாங்க அலுவலகத்தையும் குறித்த இந்துஸ்தானிச் சொல், தமிழில் அதிகார அவையிலிருந்து கலைஞர் அவைக்கும் பெயர்ந்தது.

இப்பெயர்ச்சியைத் தற்செயலெனத் தள்ளுவதற்கில்லை. இராமநாதபுரம், எட்டயபுரம் முதலிய சமஸ்தானங்களில் புரவலர் வீற்றிருக்க, வித்துவான் அவர்முன் பாடிய உறவு இச்சொல்லுக்குப் பொருந்தியே இருந்தது. பின்னர், 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அக்காதமி போன்ற சபைகளில் நுழைவுச்சீட்டு வாங்கிய மத்தியதர வர்க்கம் புரவலரின் ஆசனத்தில் அமர்ந்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த நிகழ்ச்சிமுறை இப்புதிய அவைக்கு நன்கு இசைந்தது. அவரது மேதைமையை இக்கூற்று குறைப்பதன்று.

கருநாடக இசையைக் காலங்கடந்த பக்தியாக மட்டுமே போற்றும் நம் விமரிசகர் இதனை நோக்குவதில்லை. வலையிழுப்போரின் அம்பாப் பாடலையோ, வயலில் எழும் அருவிவெட்டுப் பாடலையோ கச்சேரி என்று வழங்கும் மரபில்லை. பாடுவோரினின்று வேறாகிய அவை அங்கில்லை.