விளிம்பில்லாத நெற்றி

ஜெர்மனியின் ஹெசிஷ் ஓல்டன்டார்ஃபில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவை கூடுகிற பழைய ஃபோக்ஸ்வேகன் விழா, 2021-இல் நடக்க வேண்டியது ஓராண்டு தள்ளிப்போய் 2022 ஜூனில் கூடியபோது, ஐந்தாண்டு காத்திருந்த ஆவலில் நான் முதல் ரயிலிலேயே போய் இறங்கினேன். கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விடுவதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு. வேசர் பள்ளத்தாக்கின் இளவெயில் சாய்வாக விழுகிற அந்த ஒரு மணி நேரத்துக்குள் ‘பார்ன்டோர்’ என்று அழைக்கப்படும், 1955 மார்ச்சுக்கு முந்திய ஃபோக்ஸ்வேகன் வேன்களின் நெற்றியைப் பார்த்துவிட வேண்டும். பொழுது ஏறிவிட்டால் அந்தத் தரிசனம் கிடைக்காது.

மரச்சட்டங்களுக்கிடையே சுவர் வைத்துக் கட்டிய புராதன வீடுகளின் முன்னே, இரவு வந்து சேர்ந்த வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. 1955 மார்ச்சுக்குப் பிந்தியவற்றில், காற்று உள்ளே புகுவதற்காகக் கண்ணாடிக்கு மேலே நீட்டிவிட்ட அந்தத் தகட்டு விளிம்பு தன் நிழலைக் கண்ணாடிமேல் ஒரு கோடாக வீழ்த்த, வண்டி எதையோ யோசித்துப் புருவத்தை நெரித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. விளிம்பில்லாத பார்ன்டோரிலோ, கூரையில் பட்ட வெளிச்சம் எங்கும் நிழலால் அறுபடாமல், குழந்தையின் நெற்றியில் எண்ணெய் மினுங்குவதுபோல அந்த வளைவோடு வழுக்கி இறங்கி, இரண்டு தட்டைக் கண்ணாடிகளையும் கடந்து, மார்பிலே வந்து கூடும் மடிப்புக்குள் அடங்கியது. இத்தனை வருஷங்களாக எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன்; இந்த லாவண்யத்துக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. வந்த கூட்டம், ஜன்னல்கள் நிறைந்த ‘சாம்பா’ வேன்களைத் தேடித்தான் போயிற்று. இருபத்து மூன்று ஜன்னலா, இருபத்தொன்றா என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். பின்மூலை ஜன்னல்கள் இருந்தால் 1963-க்கு முந்தியது என்று உற்சாகத்தோடு கூறுகிறார்கள். ஏலத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் போன கதையைத் தவறாமல் நினைவூட்டுகிறார்கள். சாம்பாவை நான் குறைத்துப் பேசவில்லை. கூரையோரத்து எட்டுக் கண்ணாடிகள் வழியாக ஆல்ப்ஸ் மலைச்சிகரத்தைப் பார்த்துக்கொண்டு பிரயாணம் செய்தவர்களின் ஆனந்தம் பொய்யாகாது. ஆனால் ஜன்னலைக் கூட்டிக்கொண்டே போவது அலங்காரம்; லட்சணம் என்பது வேறு. 1951-லிருந்து 1955 வரை வந்த சாம்பாவுக்கும் இதே விளிம்பில்லாத நெற்றிதான் என்பதை, அதன் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

அந்த நெற்றியை யாரும் அழகுக்காக வளைக்கவில்லை என்பதுதான் விசேஷம். 1947 ஏப்ரல் 23 அன்று டச்சுக்காரரான பென் பொன் இந்த வண்டிக்காக முதன்முதலில் தம் குறிப்பேட்டில் கிறுக்கிய சித்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுமை நடுவில், ஓட்டுபவர் முன்னே, எஞ்சின் பின்னே, 750 கிலோ, ஒரு ரொட்டித் துண்டைப் படுக்கவைத்ததுபோன்ற பெட்டி, அவ்வளவே. பிரவுன்ஷ்வைக் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது, செங்குத்தான முகத்தை வட்டமாக்கியதில் காற்றெதிர்ப்பு எண் 0.75-லிருந்து 0.44-க்கு இறங்கியதாம். வெறும் 25 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு முக்கால் டன்னைச் சுமக்க வேண்டிய ஏழை வண்டிக்கு அது ஜீவாதாரமான விஷயம். காற்றோடு சண்டையிடச் சக்தியில்லாததால் காற்றுக்கு வழிவிடும் முகம் அதற்கு வாய்த்தது. பிறகு வந்த விளிம்பும் தேவையால்தான் வந்தது, கோடையில் உள்ளே அமர்ந்து வெந்தவர்கள் அதை வாழ்த்தியிருப்பார்கள் என்று நண்பர்கள் வாதிக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. முதல் தேவை வண்டியின் உடம்பாகவே ஆகிவிட்டது, இரண்டாவது தேவை உடம்பின்மேல் வைத்த ஒட்டாக நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லுவேன்.

நாள் முழுவதும் நான் சுற்றிச் சுற்றி வந்து நின்றது 1952-ஆம் வருஷத்து டெலிவரி வேன் ஒன்றின் முன்னால். புறாவின் கழுத்துப்போன்ற அந்த நீலம் பல இடங்களில் தேய்ந்து, அடிப்பூச்சு தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு ரொட்டிக்கடையின் பெயர், கை நடுங்காத ஒரு கலைஞன் தூரிகையால் எழுதியது, பாதி அழிந்து மிச்சமிருந்தது. எழுத்தின் தடித்த கோடு மெலிந்து முடியும் இடத்தில், தூரிகையைத் திருப்பி எடுத்த மயிரிழைத் தடம் இன்னும் இருந்தது. உரிமையாளர் எழுபது வயது கடந்த அம்மையார். என் தவிப்பைக் கண்டு இரங்கி, தனிச் சாவி போட்டுப் பின்மூடியைத் தூக்கிக் காட்டினார். கொட்டகைக் கதவுக்குச் சமமான அந்தப் பெரிய மூடிக்குப் பின்னே, ஸ்டெப்னியும் பெட்ரோல் தொட்டியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக, அடியில் 1131 சி.சி. எஞ்சின், பெரிய சமையற்கட்டின் மூலையிலே ஒற்றை அடுப்பு எரிவதுபோல் அடக்கமாக இருந்தது. ஓட்டுபவர் எதிரில் வேகமானி ஒன்றைத் தவிர வேறு கருவி இல்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் முள்ளும் கிடையாது.

முள் இல்லாத வண்டியில் நான் போயிருக்கிறேன். 1980-இல் இந்நாட்டுக்கு வந்த புதிதில், எனக்கு வாடகைக்கு அறை கொடுத்திருந்தவர் சுவருக்கு வர்ணம் பூசுபவர். 1959-ஆம் வருஷத்துப் பிக்கப் ஒன்றை, மற்றவர்கள் எல்லாம் எப்போதோ கழித்துக்கட்டிவிட்ட பிறகும், தொழிலுக்கு வைத்திருந்தார். பாஷை தெரியாத என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவார். மேட்டில் எஞ்சின் இரண்டு முறை விக்கினால், பேச்சை நிறுத்தாமலே கை கீழே போய் ரிசர்வ் குமிழை இழுத்துவிடும். பழைய வேன்களில் தொழில் பழகிய அவர், தம் வண்டிக்குத் தேவையில்லாத கியருக்கும்கூடப் பழக்கத்தால் கிளட்சை இருமுறை மிதித்து டபுள் கிளட்ச் போடுவார். பற்கள் உராய்ந்து சத்தம் கேட்டால் குற்றம் கியர்ப்பெட்டியுடையதல்ல, காலுடையது என்று கைச்சாடையிலேயே எனக்குப் புரியவைத்தார். நான் கற்றுக்கொண்ட முதல் ஜெர்மன் சொற்களில் பாதி அந்த வண்டியின் உறுப்புகளின் பெயர்களே.

அப்படிப் பழகிய காதும் கண்ணும் இப்போதெல்லாம் மிகவும் சிரமப்படுகின்றன. பிற விழாக்களில், அச்சைக் குறுக்கி, வயிறு தரையில் உரசும்படி தாழ்த்தி, வேகத்தடை ஒன்று வந்தால் திகைத்து நிற்கும் வண்டிகளைத்தான் முதல் வரிசையில் வைக்கிறார்கள். கடலையே பார்த்திராத வண்டியின் தலையில் அலைச்சறுக்குப் பலகை. உழைத்துத் தேய்ந்த வேன்களின் கூரையை அறுத்துக் கண்ணாடி பதித்துச் சாம்பாவாக வேஷம் கட்டி விற்கிறார்கள். அறுபட்ட கூரை மறுபடி முளைக்குமா? இன்னும் கொடுமை, புதுப் பூச்சை உப்புக்காகிதத்தால் தேய்த்து, எந்தக் காலத்திலும் இருந்திராத கடையின் பெயரை எழுதி, அதையும் பாதி அழித்து, ஐம்பது வருஷத்து உழைப்பை ஒரு வாரத்தில் தயாரித்துவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு பட்டறைக்காரர் அப்படிப்பட்ட ஒன்றை எனக்குப் பெருமையாகக் காட்டினார். எழுத்து தேய்ந்திருந்தது, ஆனால் சாமான் ஏற்றுகிற கை நாள்தோறும் படுகிற கதவின் கைப்பிடியைச் சுற்றிப் பூச்சு பளபளவென்று இருந்தது. நீல வேனிலோ, அங்கேதான் உலோகம் முதலில் வெளியே வந்திருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அம்மையார் புறப்பட்டார். 1953-க்கு முற்பட்ட கியர்ப்பெட்டி. கியரும் எஞ்சினும் ஒரே வேகத்துக்கு வரும்படி காலே சமன்செய்து கொடுக்க வேண்டும். தெருமுனையில் முன்னே போன வண்டி திடீரென்று மெதுவாகவே, மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்க வேண்டிய சமயம் வந்தது. நான் நடைபாதையில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். கிளட்ச், ஒரு சிறு உறுமல், மறுபடி கிளட்ச். உராய்வின் நிழல்கூடக் கேட்கவில்லை. மேற்கே சாய்ந்த வெயில் அந்த நெற்றியில் ஒருமுறை ஓடி, வண்டி திரும்பியதும் மறைந்துபோயிற்று.