தொடாத சுப்ராவும் தொடக்கூடிய சுப்ராவும்

டொயோட்டா சுப்ராவில் பழையதை வாங்குவதா, புதியதை வாங்குவதா என்று கேட்பவர்களில் பலர் பதிலை முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது ஏ80. 1993இல் வந்து, 2002 ஆகஸ்டில் உற்பத்தி நின்றுபோன நான்காம் தலைமுறை. அதற்கு எதிரே நிற்பது 2019 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் திரை விலக்கப்பட்ட ஏ90. முன்னது காவியம், பின்னது டொயோட்டா சட்டை மாட்டிய பிஎம்டபிள்யூ என்பது ஊரறிந்த தீர்ப்பு. இந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளும் ஆராய்ந்து சொன்னவை அல்ல என்பது என் கட்சி. அதை நிறுவ வேண்டுமானால், பழையதன் புகழ் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் புகழில் முக்கால் பங்கு இன்ஜினுக்குச் சேர வேண்டியது. 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற பெயரை கார் பைத்தியங்கள் மந்திரம்போலச் சொல்வார்கள். 2,997 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் ஒரே அளவு, 86 மில்லிமீட்டர். ஜப்பானியக் கம்பெனிகள் அந்த நாளில் தங்களுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு வைத்திருந்தன. எந்தக் காரையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் என்று அறிவிப்பதில்லை. அதனால் ஜப்பானில் 280, அமெரிக்காவில் 320. எண்ணாகப் பார்த்தால் இன்றைக்கு மலைக்க ஒன்றுமில்லை. மலைப்பு அந்த எண்ணுக்கு அடியில் இருந்தது. வார்ப்பிரும்பு பிளாக், கிராங்க்கைத் தாங்க ஏழு பேரிங், சூடேறும் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெய் பீய்ச்சும் ஏற்பாடு என்று, தேவைக்கு மிஞ்சிய பலத்தோடு அதைச் செய்துவைத்திருந்தார்கள். இரண்டு டர்போவையும் கழற்றிவிட்டுப் பெரிய டர்போ ஒன்றைப் பூட்டி, எரிபொருள் ஏற்பாட்டை மாற்றி, இன்ஜினின் அடிப்பகுதியைத் திறக்காமலே 600 குதிரைத்திறனைத் தாண்டியவர்கள் உண்டு. அதையும் திறந்து பலப்படுத்தியவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இன்ஜின் சுப்ராவுக்காகப் பிறந்ததே இல்லை. 1991இல் அரிஸ்டோ என்ற நான்கு கதவு செடானில்தான் முதலில் வந்தது. பந்தயத்தின் கதை இன்னும் வேடிக்கை. காஸ்ட்ரால் நிறங்கள் பூசிய டாம்ஸ் அணியின் சுப்ரா, 1997 ஜப்பானிய ஜிடி சாம்பியன்ஷிப்பை வென்ற அந்தக் கார், இன்றும் எத்தனையோ இளைஞர்களின் கணினித் திரையில் இருக்கிறது. அதன் பானெட்டுக்குள் இருந்தது புகழ்பெற்ற ஆறு சிலிண்டர் அல்ல. 3எஸ்-ஜிடிஇ என்ற இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். பந்தயப் பொறியாளர்களுக்கு எடையும் சமநிலையும் முக்கியமாகப் பட்டன. ஏ90-இல் நான்கு சிலிண்டர் வகையும் உண்டு என்று கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, யாரும் கை வைக்காமல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள ஏ80 எப்படிப்பட்ட கார்? நல்ல கார், ஆனால் அது பெற்ற புகழுக்குரிய கார் அல்ல. தலைமைப் பொறியாளர் இசாவோ ட்சுசுகியின் குழு எடையைக் குறைக்கப் படாத பாடு பட்டது. அலுமினியப் பானெட், பிளாஸ்டிக் பெட்ரோல் டாங்க், மக்னீசிய ஸ்டீயரிங், உள்ளே குடைவான பின்சிறகு, போதாக்குறைக்குத் தரைவிரிப்பின் இழைகள்கூட உட்கூடானவை. அத்தனைக்குப் பிறகும் டர்போ வகை 1,500 கிலோவைத் தாண்டியது. அதே காலத்து மாஸ்டா ஆர்எக்ஸ்-7 அதைவிட 200 கிலோவுக்கு மேல் இலேசு. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் இருந்ததால் சுப்ரா சாலையைக் கெட்டியாகப் பிடித்தது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் களைப்பில்லாமல் ஓடியது. வளைவுக்கு வளைவு ஓட்டுபவரோடு பேசும் கார் என்ற பெயரை மட்டும் ஆர்எக்ஸ்-7 எடுத்துக்கொண்டது. நெடுந்தூரப் பயணத்துக்கான வேகமான கூபே என்பதுதான் ஏ80-இன் நேர்மையான வரையறை. முதல் டர்போவிலிருந்து இரண்டாவது முழுதாகச் சேர்ந்துகொள்ளும் இடம், சுமார் 4,000 சுற்றுகளை ஒட்டி, முதுகில் தெரியும். சிலருக்கு அதுவே சுகம். அந்தக் கைமாற்றத்தை நடத்தும் வெற்றிடக் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் இப்போது முப்பது வயதாகிறது என்பது வேறு கணக்கு.

விலைக்கு வருவோம். ஏனென்றால் தேர்வு உண்மையில் கெட்டுப்போவது இங்கேதான். 2001இல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' வந்தது. பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிறச் சுப்ரா ஒரு தலைமுறையின் கனவானது. படத்துக்குப் பயன்பட்ட கார்களில் ஒன்று 2021 ஜூனில் பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் 5,50,000 டாலருக்குப் போனது. அதைச் சினிமாக் கணக்கு என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது 2019 மார்ச்சில் நடந்தது. அமீலியா தீவில் ஆர்எம் சதபீஸ் நடத்திய ஏலத்தில், எந்தப் படத்திலும் நடிக்காத, அதிகம் ஓடாத 1994 சுப்ரா ஒன்று 1,73,600 டாலருக்கு விற்றது. அதே ஆண்டு விற்பனைக்கு வந்த ஏ90-இன் அமெரிக்கத் தொடக்க விலை 49,990 டாலர். ஒரு பழையதன் விலையில் மூன்று புதியது.

எல்லாப் பழைய சுப்ராவும் அந்த விலைக்குப் போவதில்லை. எது போகிறது என்று பார்த்தால்தான் முரண் விளங்கும். டர்போ, ஆறு கியர் மேனுவல், குறைந்த ஓட்டம், அசல் பாகங்கள், யார் கையும் படாத உடல். அதாவது, மாற்றி அமைக்கலாம் என்பதாலேயே புகழ்பெற்ற காரில், மாற்றி அமைக்காததற்குத்தான் உச்ச விலை! அப்படிப்பட்ட ஒன்றை வாங்கியவர் அதன் டர்போவை மாற்றினால் அன்றே பல்லாயிரம் டாலர் போய்விடும். மழையில் எடுக்கவே யோசிப்பார். மலிவாகக் கிடைப்பவையோ ஏற்கெனவே பலர் கைபட்டவை. முன்பு யார், எந்தப் பட்டறையில், எவ்வளவு அழுத்தம் ஏற்றி ஓட்டினார் என்பது விற்பவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. தொடாததைத் தொட முடியாது, தொட்டதை நம்ப முடியாது. ஏ80 வாங்க நினைப்பவர் முன்னால் இன்று இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

இனிப் புதியது. அதன்மேல் சாட்டப்படும் முதல் குற்றம் எல்லாருக்கும் தெரியும். அடித்தளம் பிஎம்டபிள்யூ இசட்4-உடன் பொது. பி58 என்ற இன்ஜின் பிஎம்டபிள்யூவுடையது. கட்டப்படுவது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், மாக்னா ஸ்டெயர் ஆலையில். எல்லாம் உண்மை. ஆனால் இது குற்றம்தானா? டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றைப் புரட்டினால் கூட்டில்லாதது அபூர்வம். 1967இல் வந்த 2000ஜிடி யமஹாவுடன் சேர்ந்து செய்தது. 2012இல் வந்த 86 சுபாருவுடன் சேர்ந்து செய்தது. புனிதமாகக் கருதப்படும் ஏ80 டர்போவின் ஆறு கியர் பெட்டியே கெட்ராக் என்ற ஜெர்மன் கம்பெனியின் வடிவமைப்பு. ஏ90-இன் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டடா முன்வைத்த நிபந்தனை நேரடியானது: சுப்ரா என்றால் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், பின்சக்கரம் இழுக்க வேண்டும். 2013இல் இரு கம்பெனிகளும் கைகோத்தபோது, அத்தகைய இன்ஜினை விடாமல் செய்துவந்தவர்களில் முதலிடம் பிஎம்டபிள்யூவுக்கு. டொயோட்டா தனியாகப் புது இன்ஜின் செய்திருந்தால், ஆண்டுக்குச் சில ஆயிரம் மட்டும் விற்கும் ஒரு கூபேயின் விலை எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொதுவான அடித்தளத்தின் மேல் டடா என்ன செய்தார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வீல்பேஸை 2,470 மில்லிமீட்டராகச் சுருக்கினார். பழைய சுப்ராவைவிட 80 மில்லிமீட்டர் குறைவு. தன் முந்தைய படைப்பான 86-ஐவிட 100 குறைவு. அகலம் விரிந்து நீளம் சுருங்கியதால் கார் சட்டென்று திரும்புகிறது. எடை முன்னுக்கும் பின்னுக்கும் பாதிக்குப் பாதி. பின்புற டிஃபரென்ஷியலைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. இரண்டே இருக்கை. ஏ80-இல் பின்னால் இரண்டு இருக்கை உண்டு என்பார்கள். அதில் கைப்பையை உட்கார வைக்கலாம். முதலில் 335 குதிரைத்திறன் என்று அறிவித்தவர்கள், 2021 மாடலிலேயே அமெரிக்காவில் 382 ஆக்கினார்கள். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை நான்கு நொடிக்குள் எட்டுகிறது. அன்றைய ஏ80 டர்போவுக்கு ஐந்து நொடிக்குச் சற்றுக் குறைவு. பழையது ஆக ஆசைப்பட்டு முழுதாக ஆகாத ஸ்போர்ட்ஸ் கார், புதியதில் ஆகியிருக்கிறது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தளத்தில் டொயோட்டாவின் சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசேயிடம் பயிற்சி எடுத்த நாட்களில், பின்னாளில் டொயோட்டாவின் தலைவரான அகியோ டொயோடா ஓட்டியது பழைய சுப்ராவை. பக்கத்தில் மற்றக் கம்பெனிகளின் இன்னும் வெளிவராத புதுக் கார்கள் கடந்துபோக, தன் கம்பெனியிடம் அப்படி ஒன்று இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. அந்தக் குறைக்கு ஏ90 சரியான பதில்.

குறைகள் இல்லாமலில்லை. உடலெங்கும் காற்றுத் துளைபோல் தெரிபவற்றில் பல வெறும் மூடிகள். பந்தயத்துக்குத் திறந்துகொள்ளலாம் என்று விளக்கம் சொன்னார்கள். சாலையில் ஓட்டுபவருக்கு அது அலங்காரம், அதிலும் மிகையான அலங்காரம். ஜன்னலை இறக்கிவிட்டு வேகமெடுத்தால் காற்று காதுக்குள் தடதடக்கிறது. உள்ளே கை வைக்கும் இடமெல்லாம் பிஎம்டபிள்யூவின் பொத்தான்கள். இன்ஜின் எங்கிருந்து வந்தால் என்ன என்று சொல்லும் நான்கூட இதில் டொயோட்டா சோம்பல்பட்டது என்றே சொல்வேன். ஓட்டுபவரை விமானிபோலச் சூழ்ந்து வளையும் ஏ80-இன் டாஷ்போர்டுக்கு முன்னால் இது யாருடைய காரும் ஆகாத கார். நான்காவது குறை பெரியது. வந்து மூன்று ஆண்டுகள் மேனுவல் கியரே இல்லை. இசட்எஃப்பின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும். 2022 ஏப்ரலில்தான் ஆறு கியர் மேனுவலை அறிவித்தார்கள். அதுவும் மூன்று லிட்டர் வகைக்கு மட்டும்.

பழையதன் பக்கம் நின்று பேசக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அது நிற்கும். இருபத்தைந்து ஆண்டு கழித்து எது ஓடும்? ஏ80-ஐ ஒரு நல்ல மெக்கானிக் கையால் பிரித்து, கையால் கோக்க முடியும். டொயோட்டாவே 2019இல் ஜிஆர் ஹெரிடேஜ் பார்ட்ஸ் என்ற திட்டத்தை அறிவித்து, முந்தைய தலைமுறையான ஏ70, ஏ80 சுப்ராக்களுக்கான பழைய பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. ஏ90-இல் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று பழுதானால் சுத்தியலும் ஸ்பானரும் பயனில்லை. அந்தப் பாகம் டொயோட்டாவின் கையில் இல்லை, பிஎம்டபிள்யூவின் கையில் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளும் அப்போதும் ஒத்துழைக்கும் என்று யாரும் இன்றே உறுதி தர முடியாது. பேரனுக்குக் கொடுக்கக் கார் தேடுபவருக்கு இது முடிவான வாதம். ஓட்டக் கார் தேடுபவருக்கு இல்லை. பி58 இன்ஜின் இசட்4 தொடங்கிப் பல பிஎம்டபிள்யூக்களில் பரவலாக ஓடுவதால், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுக்கு அதன் பாகங்களுக்கும் அதை அறிந்த கைகளுக்கும் பஞ்சம் வராது.

பழைய இன்ஜினுக்குப் பெருமை தேடித்தந்த அதே குணம் இந்தப் பி58-க்கும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அலுமினிய பிளாக்தான், ஆனால் அழுத்தம் தாங்குவதற்காகச் சிலிண்டர்களைச் சுற்றி மேற்பகுதி மூடிய கட்டுமானம். கணினி நிரலையும் சில துணைப் பாகங்களையும் மாற்றியே 500 குதிரைத்திறனை எட்டுகிறார்கள். பின்னாளில் வந்த கார்களில் அந்த நிரலுக்குப் பூட்டு இறுகியிருக்கிறது என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் தன் விருப்பப்படி மாற்றி, மலைப்பாதையிலும் பந்தயத்தளத்திலும் விரட்டி, டயரைத் தேய்த்து, அதன் பொருட்டு யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் இருக்கக்கூடிய சுப்ரா இன்றைக்கு ஏ90தான். 1990களில் ஏ80 யாருக்காக இருந்ததோ, அவர்களுக்காக இன்று இருப்பது இது.

ஆக, புதிதாகப் பணம் எடுத்துவைப்பவருக்கு என் தீர்ப்பு: ஏ90, மூன்று லிட்டர், மேனுவல். ஏற்கெனவே ஏ80 வைத்திருந்து அதை ஓட்டிக்கொண்டும் இருப்பவர் விற்க வேண்டியதில்லை. சந்தை விலை ஏறியதால் அவருடைய கார் மோசமாகிவிடவில்லை. டர்போ இல்லாத ஏ80 ஒன்று துருப்பிடிக்காமல், நியாய விலைக்கு, பழைய பராமரிப்புக் கணக்கோடு கிடைத்தால் அதையும் குறை சொல்ல மாட்டேன். உச்ச விலைக் கண்ணாடிக்கூண்டு அதன்மேல் இன்னும் முழுதாக இறங்கவில்லை, ஓட்டலாம்.

அவசரம் ஒன்று மட்டும் இருக்கிறது. ஏ90-இன் உற்பத்தியும் 2026உடன் முடிகிறது. அதற்காக 300 எண்ணிக்கையில் இறுதிப் பதிப்பு ஒன்றை டொயோட்டா அறிவித்தது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதைப் போர்வை போட்டு நிறுத்திவைப்பார்கள் என்று இப்போதே பந்தயம் கட்டலாம். அந்தப் பக்கம் போக வேண்டாம். 2022க்குப் பிறகு வந்த, ஏற்கெனவே கொஞ்சம் ஓடிய, முன்கண்ணாடியில் ஒரு கீறலும் சக்கர விளிம்பில் இரண்டு உரசலும் உள்ள சாதாரண மேனுவலைத் தேடுங்கள். அந்த உரசலைக் காட்டி விலையையும் குறைத்துக் கேளுங்கள்.