நான்கு புத்தகங்களும் ஒரு கட்டைவிரலும்

புத்தகங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. கோட்பாடு எதுவும் கிடையாது. பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவன், வங்கியில் குமாஸ்தா. இந்த இரண்டில் எது என் வாசிப்பை அதிகம் பாதித்திருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தால் தயங்காமல் முதலாவதைச் சொல்லியிருப்பேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. சமீபத்தில் படித்த நான்கு புத்தகங்கள் காரணம். இவற்றில் மூன்று மறுவாசிப்பு.

கோகோலின் 'மேலங்கி' (1842) கதையைக் கல்லூரி நாட்களில் படித்தபோது கடைசியில் வரும் ஆவிதான் முக்கியம் என்று நினைத்தேன். இப்போது ஆவி எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. வருஷத்துக்கு 400 ரூபிள் சம்பளம் வாங்கும் ஒரு நகல் குமாஸ்தா 80 ரூபிளில் மேலங்கி தைத்துக்கொள்ளத் தீர்மானிக்கிறான். மாலைத் தேநீரை நிறுத்துகிறான். மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. பூட்ஸின் அடி தேயாமலிருக்க நுனிக்காலில் நடக்கிறான். கோகோல் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்; சிரித்தபடியே கணக்கைப் பிசகாமல் எழுதிக்கொண்டு போகிறார். கணக்கு சரியாக இருப்பதால்தான் மேலங்கி பறிபோகும்போது நமக்கு வலிக்கிறது.

காஃப்காவின் 'விசாரணை' அவர் இறந்த மறுவருஷம், 1925இல் வெளிவந்தது. நம் வட்டத்தில் இந்த நாவலை அபத்தம், இருத்தல், குற்றவுணர்வு என்ற பாஷையில்தான் பேசிவந்திருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். யோசெஃப் க. ஒரு வங்கி அதிகாரி என்பதை யாரும் பொருட்படுத்தியதாக ஞாபகமில்லை. வழக்கைப் பற்றிய யோசனையில் அவன் மூழ்கிக் கிடக்க, வெளியே வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். துணை மேலாளர் அவர்களைத் தன் அறைக்கு அழைத்துப் போய்விடுகிறார். கண்ணுக்குத் தென்படாத நீதிமன்றத்தைவிட இந்த இடம் என்னைக் கலவரப்படுத்தியது. 1908 முதல் 1922 வரை பிராகில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர் காஃப்கா. கோப்பு என்பதை அவர் உருவகமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. மேஜைமேல் இருந்தது.

அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' (1969) சினிமா உலகத்தைப் பற்றிய நாவல். அந்த உலகத்தின் பளபளப்பும் இதில் இல்லை, அதை உரித்துக் காட்டும் ஆவேசமும் இல்லை. வண்டி வரவேண்டும், ஆட்கள் வரவேண்டும், பணம் வரவேண்டும். கதையின் மையம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்ந்துகொண்டே போகிறது. வடிவச் சோதனை என்று இதைப் பாராட்டினோம். ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷங்கள் வேலை பார்த்தவருக்கு இது சோதனையாகவே தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். வேலையிடத்தில் ஒருவர் போனால் நாற்காலி வெகுநாள் காலியாக இருப்பதில்லை. எனக்குள்ள குறை ஒன்றுதான்: எங்குமே குரல் உயராததால், உயர்ந்திருக்க வேண்டிய இடங்களிலும் வாசகன் பத்திரமாக இருந்துவிடுகிறான்.

நான்காவது, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). இதைப் பற்றி எழுதுவது எனக்குச் சங்கடமான விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் அறையில் இந்தப் பெயர் அடிபட்டபோது, 'அது ரிப்போர்ட், நாவல் இல்லை' என்றேன். யாரும் மறுக்கவில்லை. அப்போது நான் அதைப் படித்திருக்கவில்லை. மறுக்காதவர்கள் படித்திருந்தார்களா என்று இன்றுவரை கேட்கவுமில்லை.

சென்ற வருஷம் எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் மாற்றலாயிற்று. உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் பணம் எடுக்க வந்தார். கட்டைவிரலை எந்திரத்தில் வைக்கச் சொன்னேன். பதியவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பதியவில்லை. "உப்பு தின்னுட்டு சார்" என்றார், ஏதோ தன் தவறு போல. வரிசை முணுமுணுத்தது. வேறு வழியாக எழுதி வாங்கிப் பணத்தைக் கொடுத்தேன். அந்த வாரமே நாவலைத் தேடிப் பிடித்தேன்.

என் பழைய வாக்கியத்தில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. பாத்திரங்கள் சில இடங்களில் ஆசிரியரின் கருத்துகளைச் சுமந்துகொண்டு பேசுகிறார்கள். அங்கெல்லாம் நடை மேடைக்கு ஏறிவிடுகிறது. ஆனால் பாத்தியில் நிற்பவளின் கால், வெயில், கூலி, கண்காணிப்பவனால் அவள் உடலுக்கு நேரும் அவமானம் இவையெல்லாம் நேரில் போய்த் தெரிந்துகொண்டவரின் எழுத்தில் மட்டுமே வரக்கூடியவை. கோகோல் எழுதும் மேலங்கிக் கணக்கை இலக்கியம் என்கிறோம். இவர் எழுதும் உப்பளத்துக் கணக்கைத் தகவல் என்கிறோம். இந்தப் பாகுபாட்டுக்குக் கலை சார்ந்த காரணம் பாதிதான். மீதிப் பாதியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பீட்டர்ஸ்பர்க்கின் வறுமை நம் கவுண்டருக்கு வந்து கையை நீட்டுவதில்லை. தவிர, எழுதியவர் ஒரு பெண். வெகுஜனப் பத்திரிகைகளில் எழுதியவர். இவ்வளவு போதும், படிக்காமலே தீர்ப்புச் சொல்ல.

ராஜம் கிருஷ்ணன் 2014இல் காலமானார். அவரிடம் இனிச் சொல்ல முடியாது. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் மூவராவது இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: அது நாவல்தான், குறைகள் உள்ள நாவல். என்னை மறுக்கலாம். இந்தத் தடவை படித்துவிட்டு மறுங்கள்.