சாத்தானுக்குக் கை உண்டா?

ருவாண்டாவில் ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை தாங்கிய கனடா நாட்டுத் தளபதி ரோமியோ டலேர், 2003-ஆம் ஆண்டில் தம் அனுபவங்களை நூலாக்கினார். சாத்தானோடு கைகுலுக்குவதைத் தலைப்பிலேயே சொல்லும் நூல் அது. 1994 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் 8 இலட்சம் பேர் கொலையுண்ட நாட்டில், ஓர் அந்நியப் படைவீரர் கழித்த நாட்களின் பதிவு. இத்தனையும் கண்டபின் கடவுளை எவ்வாறு நம்புகிறீர் என்று படைக்குரு ஒருவர் வினவினாராம். சாத்தானைத் தொட்டறிந்தமையால் கடவுளையும் அறிவதாகக் கத்தோலிக்கரான டலேர் விடையிறுத்தார். தலைப்பு அங்கிருந்து பிறந்தது.

குருமடத்தில் நாம் கற்ற பாடமொன்று உடனே நினைவுக்கு வந்தது. தீமை இருப்பதால் கடவுள் இல்லை என்போருக்கு, தீமை இருக்குமாயின் கடவுளும் இருக்கிறார் என்றே புனித தாமஸ் அக்குவினாஸ் மறுமொழி தந்தார். ஆயினும் அவர் வழி வேறு. தீமைக்குத் தனி இருப்பு இல்லை. இருந்தாக வேண்டிய நன்மை இல்லாத குறையே தீமை. நன்மையின் ஒழுங்கு இல்லையேல் குறை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் வாதம். டலேரோ தீமைக்குக் கை கொடுக்கிறார். கொலைப்படைத் தலைவர்களைச் சந்திக்குமுன், தாமே சுட்டுவிடுவோமோ என்றஞ்சித் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை அகற்றுகிறார். அவர்கள் நீட்டிய கைகள் குளிர்ந்திருந்தன என்கிறார். மறக்கவொண்ணாத பக்கம்தான். எனினும் நூலின் வலிமை அங்கில்லை என்பது நம் கருத்து.

வலிமை அன்றாடப் பக்கங்களில் உள்ளது. மொசாம்பிக்கிலிருந்து வந்த எட்டுக் கவசவண்டிகளில் ஐந்தே ஓடக்கூடியவை. தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் ஓயாத பஞ்சம். பதுக்கிய ஆயுதங்களைக் கைப்பற்றப் போவதாக 1994 ஜனவரி 11-இல் நியூயார்க்குக்குச் செய்தி அனுப்புகிறார். வேண்டாம் என்று விடை வருகிறது. படுகொலை நடந்துகொண்டிருக்கையில், ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்பு அவை அவர் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானிக்கிறது. இப்பக்கங்களில் சாத்தானை நாம் காணவில்லை. வராத வண்டியையும் எடுக்கப்படாத முடிவையுமே காண்கிறோம். அக்குவினாஸின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான உரை ஏது? நூலாசிரியர் அறியாமலே எழுதிய உரை!

தலைமையகத்தில் அவர் ஆடுகள் வளர்த்த செய்தியும் வருகிறது. பிணம் தின்று பழகிய நாய்கள் ஒருநாள் அவற்றின்மீது பாய, தளபதி துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே ஓடுகிறார். திரும்பினால், உடனிருந்தோர் அவரையே வியந்து பார்த்து நிற்கின்றனர். மனம் உடைந்த கதையைப் பல அதிகாரங்களில் சொல்லுவதைவிட இவ்வொரு காட்சி மிகுதியாகச் சொல்கிறது. ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் நூலில் கூட்டங்களும் சுருக்கப்பெயர்களும் நம்மைக் களைப்புறச் செய்வது உண்மை.

பங்குக்குரு என்ற நிலையில் நம்மைத் தடுத்து நிறுத்திய பகுதி கிகோண்டோ பங்குக் கோவிலைப் பற்றியது. ஏப்ரல் 9 அன்று அடைக்கலம் புகுந்தோரின் அடையாள அட்டைகளைச் சோதித்தபின் துட்சிகளைக் கத்தியால் வெட்டினர். போலந்து நாட்டுக் குருக்களும் ஐ.நா. பார்வையாளர்களும் கண்ணெதிரே கண்டும் தடுக்க வழியற்று நின்றனர். ருவாண்டா கத்தோலிக்கர் மிகுந்த நாடு. வெட்டியவர்களிலும் வெட்டுண்டவர்களிலும் ஒரே தொட்டியில் திருமுழுக்குப் பெற்றோர் எத்தனை பேரோ! டலேர் இவ்வினாவில் நிற்காமல் அடுத்த பணிக்கு விரைகிறார். படைவீரருக்கு அது இயல்பு, நமக்கு இயலாது. ஏனெனில் சாத்தானின் கை என்று சொல்லிவிட்டால், மறைக்கல்வி கற்பித்த நம் கை விடுபட்டுவிடும். திருத்தந்தை பிரான்சிஸ் 2017 மார்ச்சில், திருச்சபையின் பாவங்களுக்கும் அதன் உறுப்பினரின் பாவங்களுக்கும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டியபோது, சாத்தானைக் காரணம் காட்டவில்லை.

நூலில் செனகல் நாட்டுத் தளபதியர் ஒருவர் வருகிறார்: கேப்டன் ம்பாயே டியான், இஸ்லாமியர். கொலைகாரர் காவல்நின்ற தடைகளை நகைச்சுவைப் பேச்சாலும் சிகரெட்டாலும் கடந்து, சிலர் சிலராக மக்களை வண்டியில் ஏற்றிக் காப்பாற்றினார். மே 31 அன்று, டலேருக்கு ஒரு செய்தியைக் கொண்டுவருகையில், எறிகுண்டுக்கு இரையானார். கொலைத் தலைவர்களின் கைகளை அவ்வளவு நுணுக்கமாக விவரித்த ஆசிரியர், சிகரெட் நீட்டிய இக்கையைப் பற்றி இன்னும் சில பக்கங்கள் எழுதியிருக்கலாம்.